நெஞ்சுக்குள் ஒரு தையல் மெஷின்

என் அக்காள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு நாள் மாலை நான் எழுதிக்கொண்டிருந்த மேஜைக்கு அருகே வந்து நின்று, "மாமா, என் நெஞ்சுக்குள்ளே தையல் மெஷின் ஓடுது" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். எவ்வளவு அருமையான உவமை! "அப்படியா? அந்த மெஷினை யார் மிதிக்கிறார்கள்?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. சிறிது நேரம் நின்றாள். பிறகு, "நின்னு போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் குறிப்பு நோட்டை எடுத்து அந்த வாக்கியத்தை எழுதி வைத்துக் கொண்டேன். எந்தக் கதையிலாவது பயன்படும் என்று எண்ணம். கதை எழுதுகிறவனுடைய புத்தி அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒரு வருஷ காலம் அந்த மெஷின் அவ்வப்போது ஓடிக்கொண்டே இருந்தது. சில மாதங்களில் ஒரு தடவை. சில மாதங்களில் இரண்டு தடவை. வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தோம். என் தாயார் அதைத் திருஷ்டி என்றாள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். அத்தான் பரீட்சைப் பயம் என்றார். பால் குடிக்காமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினால் இப்படித்தான் ஆகும் என்பது அக்காவின் கட்சி. கணக்கு வகுப்புக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்று சொன்னவர்களும் உண்டு. நான் மட்டும் ஒரு காரணமும் சொல்லவில்லை. எனக்கு அது உவமையாகவே இருந்தது.

கடைசியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். நாடி பிடித்துப் பார்த்தார், சீராக இருந்தது. இ.ஸி.ஜி. எடுத்தார்கள். குற்றம் சொல்ல முடியாத படம். "ஒன்றுமில்லை, குழந்தை பயப்படுகிறாள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் ஒன்றுமில்லாதது அடுத்த மாதமும் வந்தது. பிறகு, குழந்தைகளின் இருதய நோய்களையே கவனிக்கும் வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் அந்தப் பழைய படத்தை வெகு நேரம் பார்த்தார். குழந்தையிடம், "எப்படி ஆரம்பிக்கிறது? மெதுவாகவா, திடீரென்றா?" என்று கேட்டார். "ஸ்விட்ச் போட்ட மாதிரி" என்றாள் அவள். "நிற்கும்போது?" "ஸ்விட்சை அணைச்ச மாதிரி."

டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "பயத்தினால் வருகிற படபடப்பு படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும். இவள் சொல்வது வேறு. இந்தப் படம் பத்து விநாடியில் எடுத்தது. ஒரு நாளைக்கு இவள் இருதயம் ஒரு லட்சம் தடவைக்கு மேல் துடிக்கிறது. அதில் பதினைந்து துடிப்பைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். மிச்சத்தைப் பார்க்க வேண்டாமா? ஹோல்டர் மாட்டிப் பார்க்கலாம்" என்றார்.

ஹோல்டர் என்றதும் எனக்கு பல்பு மாட்டும் ஹோல்டர்தான் நினைவுக்கு வந்தது. அது ஒரு மனிதருடைய பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். வரும் நேரம் சொல்லாமல் வந்து, சொல்லாமலே போய்விடும் விருந்தாளியை வாசலில் நின்று பிடிப்பதற்கு மனிதன் பட்ட பாடு ஒரு சரித்திரமாகவே விரிந்தது.

சரித்திரத்தின் தொடக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. இருதயம் சுருங்கும்போதெல்லாம் இம்மியளவு மின்சாரம் பிறக்கிறது என்ற விஷயம், தவளைகளை அறுத்துப் பார்த்தவர்களுக்கு 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தெரிந்துவிட்டது. 1887-ஆம் ஆண்டில், லண்டன் செயின்ட் மேரி ஆஸ்பத்திரியின் வைத்தியக் கல்லூரியில் இருந்த அகஸ்டஸ் வாலர் என்பவர், மனிதனின் மார்பைத் திறக்காமல் தோலின் மேலிருந்தே அந்த மின்சாரத்தைப் பதிவு செய்து காட்டினார். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏறி இறங்கும் பாதரசந்தான் அவருடைய கருவி. இந்தச் சோதனையை அவர் தம் வளர்ப்பு நாய் ஜிம்மியை வைத்துப் பலருக்கும் செய்து காட்டுவார். ஜிம்மி உப்பு நீர்ப் பாத்திரங்களில் காலை வைத்துக்கொண்டு பெரிய மனிதரைப் போல அசையாமல் நிற்கும். 1909-இல் ராயல் சங்கத்தாரின் கூட்டத்தில் அப்படி நின்றபோது, யாரோ ஒருவருக்கு மனம் பொறுக்காமல் விஷயம் பார்லிமெண்டு வரையில் போயிற்று. ஜிம்மிக்கு எந்தத் துன்பமும் இழைக்கப்படவில்லை என்று உள்நாட்டு மந்திரி எழுந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று!

இதில் வேடிக்கை என்னவென்றால், தாம் கண்டுபிடித்ததன் மதிப்பு வாலருக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரிகளில் இது பரவலாகப் பயன்படும் என்று தமக்குத் தோன்றவில்லை என்றும், அபூர்வமான கோளாறு ஏதாவது இருந்தால் எப்போதாவது உதவலாம் என்றும் 1911-இல்கூட அவர் கருதினார்.

மதிப்பை அறிந்தவர் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரத்தில் இருந்தார். வில்லெம் ஐந்தோவன் என்று பெயர். ஜாவாத் தீவில் ஸெமராங் என்னும் ஊரில் 1860-இல் பிறந்தவர். தகப்பனாரை இழந்த சிறு பிள்ளையாகத் தாயுடன் ஹாலந்துக்குத் திரும்பியவர். பாதரசம் மந்தமாக அசைவதைக் கண்டு அலுத்துப்போன அவர், வெள்ளி பூசிய மெல்லிய படிக இழை ஒன்றைப் பெரிய காந்தத்தின் நடுவே கட்டினார். இருதயத்தின் மின்சாரம் பாயும்போது அந்த இழை துடித்தது. அதன் நிழல் படமாயிற்று. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில் இது நடந்தது. அந்தப் படத்தின் மேடு பள்ளங்களுக்குப் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று அவர் சூட்டிய பெயர்களைத்தான் இன்றும் டாக்டர்கள் சொல்லுகிறார்கள். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவருடைய யந்திரத்தின் எடை சுமார் 270 கிலோ. இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் இடது காலையும் உப்பு நீர் ஜாடிகளில் அமிழ்த்திக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியோ ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. படுக்கையில் கிடக்கிறவர்களை யந்திரத்திடம் கொண்டு வருவது எப்படி? 1905-இல் ஐந்தோவன் டெலிபோன் கம்பியின் வழியாக ஆஸ்பத்திரி நோயாளியின் இருதயத் துடிப்பைத் தம் சோதனைச் சாலைக்கு வரவழைத்தார். யந்திரம் நோயாளியை நோக்கி எடுத்து வைத்த முதல் அடி என்று இதைச் சொல்லலாம்.

ஆனாலும் அது ஓர் அடிதான். நோயாளி அசையாமல் உட்கார வேண்டும். அந்தச் சில நிமிஷங்களுக்குள் இருதயம் தன் குற்றத்தைச் செய்து காட்ட வேண்டும். கோர்ட்டில் கைகட்டி நிற்கும்போது எந்தத் திருடன் திருடிக் காட்டுவான்?

அபூர்வமாகச் சில பேருடைய இருதயம், அமைதியாக இருக்கும்போதே அடையாளம் ஒன்றைக் காட்டிக் கொடுத்துவிடுவது உண்டு. 1928-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பாஸ்டன் நகரத்து டாக்டர் பால் டட்லி ஒயிட் என்பவரிடம் 35 வயதுள்ள ஆசிரியர் ஒருவர் படபடப்பு என்று வந்தார். (1955-இல் ஜனாதிபதி ஐஸனோவருக்கு மாரடைப்பு வந்தபோது சிகிச்சை செய்தவர் இதே ஒயிட்தான்.) ஆள் திடகாத்திரமாக இருந்தார், படம் மட்டும் விசித்திரமாக இருந்தது. ஒயிட்டும் அவருடைய துணைவர் லூயி உல்ஃபும் அதைப் போன்ற வேறு படங்களைத் தேடினார்கள். லண்டனில் ஜான் பார்க்கின்ஸன் என்ற டாக்டரும் அப்படிச் சில படங்களைச் சேர்த்து வைத்திருந்தார். மூவருமாக 1930-இல் 11 பேருடைய வரலாற்றை வெளியிட்டார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். நோய் நொடி இல்லாதவர்கள். ஆனால் திடீர் திடீரென்று நெஞ்சு ஓட்டமெடுக்கும் என்று சொன்னவர்கள்.

காரணம் பின்னால் தெளிவாயிற்று. இருதயத்தின் மேல் அறைகளிலிருந்து கீழ் அறைகளுக்கு மின்சாரம் இறங்க இயற்கை ஒரே ஒரு பாதைதான் வைத்திருக்கிறது. சில குழந்தைகள் இன்னொரு குறுக்கு வழியோடு பிறந்துவிடுகிறார்கள். என்றோ ஒரு நாள் மின்சாரம் ஒரு வழியாக இறங்கி மற்ற வழியாக ஏறி, செக்கு மாடு போலச் சுற்றத் தொடங்குகிறது. அப்போது குழந்தையின் இருதயம் நிமிஷத்துக்கு 180, 200, 220 என்று அடிக்கிறது. சுற்று அறுந்ததும் சட்டென்று அடங்கிவிடுகிறது. இவர்களிலும் சிலருக்கு அந்தக் குறுக்கு வழி கீழிருந்து மேலே மட்டும் மின்சாரத்தை விடும். அப்படிப்பட்டவர்களுடைய படத்தில், படபடப்பு இல்லாத வேளையில், எந்த அடையாளமும் இருக்காது. பத்து விநாடிப் படம் பத்து வருஷம் எடுத்தாலும் சுத்தமாகவே இருக்கும். வேளை வரும்போது பிடித்தால்தான் உண்டு.

அந்த வேளைக்காகக் காத்திருக்கும் யந்திரத்தைச் செய்தவர்தான் நார்மன் ஹோல்டர். 1914-இல் அமெரிக்காவில் மான்டானா மாகாணத்தின் ஹெலனா நகரத்தில் பிறந்தவர். அவர் டாக்டர் அல்ல, பௌதிகம் படித்தவர். யுத்த காலத்தில் கடற்படைக்காகக் கடல் அலைகளை ஆராய்ந்தார். 1946-இல் பிகினித் தீவில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தபோது எழுந்த அலைகளை அளந்தவர்களில் அவரும் ஒருவர். மலை போன்ற அலைகளை அளந்த மனிதர் மறு வருஷம் ஊர் திரும்பி, மனிதனுக்குள் எழும் மிகச் சிறிய அலைகளை அளக்கச் சொந்த ஊரிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தினார்.

அவருடைய ஆசை எளிமையானது. மனிதன் நடக்கும்போது, ஓடும்போது, வேலை செய்யும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குக் கம்பியை அறுத்தாக வேண்டும். முதலில் மூளையின் மின்சாரத்தை ரேடியோ மூலம் அனுப்பிப் பார்த்தார். பிறகு அதைவிடப் பலமான இருதய மின்சாரத்துக்கு வந்தார். 1949-இல் வெளியான அவருடைய முதல் கருவி முதுகில் சுமக்கும் மூட்டை. எடை 38 கிலோ! ஓடாத சைக்கிள் ஒன்றில் அதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்து அவரே மிதித்தார். இவ்வளவையும் சுமந்தால் நோயில்லாதவனுக்கும் படபடப்பு வந்துவிடும் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் டிரான்ஸிஸ்டர் வந்தது, மூட்டை சுருங்கிற்று. ரேடியோவுக்குப் பதிலாக காந்த நாடா வந்தது. 1961-இல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் அவர் தம் முறையை விவரித்தபோது, கருவி சுமார் ஒரு கிலோவுக்கு இறங்கியிருந்தது.

பதிவு செய்தது போதாது; படிக்க வேண்டுமே! பத்து மணி நேர நாடாவைப் பார்க்க டாக்டர் பத்து மணி நேரம் உட்கார முடியுமா? ஹோல்டரும் அவருடைய கூட்டாளிகளும் நாடாவை அறுபது மடங்கு வேகத்தில் ஓட்டி, துடிப்புகளை ஒன்றன் மேல் ஒன்றாகத் திரையில் விழச் செய்தார்கள். கூடவே அவற்றை ஒலியாகவும் மாற்றினார்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஒரே ரீங்காரம். ஒரு துடிப்புப் பிசகினாலும் சுருதி பிசகும். ஒரு மணி நேரத்து இருதயத்தை ஒரு நிமிஷத்தில் படித்துவிடலாம். ஹோல்டர் 1983-இல் காலமானார். அவர் பெயர் ஆஸ்பத்திரிகளில் ஒரு பொருளின் பெயராகவே நிலைத்துவிட்டது.

குழந்தைகளுக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். முதலில் ஆறுதலான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அபாயம் ஏதும் இல்லை. காய்ச்சல், ரத்தக் குறைவு, கவலை, ஓட்டம், நடுவே வந்து போகும் ஓர் அதிகப்படித் துடிப்பு, இவைதாம் காரணமாக இருக்கும். என் மருமகளுடைய குறுக்கு வழிக் கோளாறும் சாதாரணமாக உயிரைக் கொண்டுபோகும் ஜாதி அல்ல. ஆனால் கொண்டுபோகும் ஜாதியும் உண்டு.

1957-இல் நார்வே தேசத்து டாக்டர்கள் ஜெர்வல், லாங்கே-நீல்ஸன் இருவரும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். தாயும் தகப்பனும் ஆரோக்கியமானவர்கள். குழந்தைகள் ஆறு பேர். அவர்களில் நால்வருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அந்த நால்வருக்குமே மயக்கம் வரும். மூன்று குழந்தைகள் நாலு வயதில், ஐந்து வயதில், ஒன்பது வயதில் திடீரென்று இறந்துபோனார்கள். இருதயத்தின் அமைப்பில் குறை இல்லை. படத்தில் மட்டும் க்யூவிலிருந்து டி வரையுள்ள இடைவெளி நீண்டிருந்தது; ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இருதயம் அடுத்ததற்குத் தயாராக அதிக நேரம் எடுத்துக் கொண்டது. அடுத்த சில வருஷங்களில், காது நன்றாகக் கேட்கும் குழந்தைகளிடமும் இதே கோளாறு இருப்பதை இத்தாலியில் ரொமானோவும் அயர்லாந்தில் வார்டும் கண்டார்கள்.

இப்படிப்பட்ட குழந்தைகள் ஓடும்போதும் நீந்தும்போதும் திடுக்கிடும்போதும் விழுவார்கள். காக்காய் வலிப்பு என்று தவறாக எண்ணி, பல வருஷம் வேறு மருந்து கொடுத்தது உண்டு. சிலருக்கு அமைதியான வேளையில் எடுக்கும் படத்தில் இந்த நீட்சி சரியாகத் தெரியாது. கண்டுகொண்டுவிட்டால் மருந்து உண்டு. தேவைப்பட்டால் கருவிகளும் உண்டு. ஆகையால் குழந்தை ஓடும்போது மயங்கி விழுந்தாலும், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் காரணம் தெரியாமல் இறந்திருந்தாலும், டாக்டர்கள் படபடப்பை லேசாக எடுத்துக் கொள்வதில்லை.

இவ்வளவையும் படித்த பிறகு எங்கள் வீட்டு ஹோல்டரை நான் வேறு கண்ணால் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கிற்று. மார்பில் சில ஒட்டுகள், மெல்லிய கம்பிகள், இடுப்பில் ஒரு சிறு பெட்டி. கூடவே அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள்: நேரம், என்ன செய்து கொண்டிருந்தாள், என்ன உணர்ந்தாள் என்று மூன்று கட்டங்கள். யந்திரம் துடிப்பைத்தான் எழுதும். குழந்தை உணர்ந்ததை மனிதன்தான் எழுத வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்தினால்தான் சாட்சியம் பூர்த்தியாகும். எழுதும் பொறுப்பை அக்கா என்னிடம் தள்ளினாள். "நீதானே எழுத்தாளன்" என்றாள்.

24 மணி நேரம் அவள் பின்னாலேயே அலைந்தேன். '4-10: பாண்டி ஆடினாள். 6-30: தம்பியோடு சண்டை. 9-15: தூங்கினாள்.' மூன்றாவது கட்டம் காலியாகவே இருந்தது. விருந்தாளி வரவில்லை. ஒரு லட்சத்துப் பதினெண்ணாயிரம் துடிப்புகளும் ஒழுங்கானவை என்று அறிக்கை வந்தது. வீட்டில் எல்லோருக்கும் பரம சந்தோஷம். "அன்றைக்கே சொன்னேனே, பயந்தான்" என்றார் அத்தான். குழந்தை ஒன்றும் பேசவில்லை. பொய் சொன்னவள் என்று தீர்ப்பான முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

டாக்டர் மட்டும் சந்தோஷப்படவில்லை. "இந்த 24 மணி நேரத்தில் ஒன்றுமில்லை. அவ்வளவுதான் இதற்கு அர்த்தம். மாதம் ஒரு தடவை வருவதை ஒரே நாளில் பிடிக்க முடியவில்லை என்றால் ஆச்சரியமில்லை" என்றார். வாரக் கணக்கில் வைத்துக்கொள்ளும் வேறொரு சிறு கருவியை எடுத்தார். வருஷத்துக்கு ஒரு தடவை மயங்குகிறவர்களுக்கு, தோலின் கீழேயே வைத்து வருஷக் கணக்கில் காவல் காக்கும் கருவிகள்கூட 1990-களிலிருந்து உண்டாம். எங்களுக்குக் கொடுத்ததில் ஒரு பொத்தான் இருந்தது. டாக்டர் அதை அக்காவிடம் கொடுக்கவில்லை. குழந்தையின் கையிலேயே கொடுத்தார். "மெஷின் ஓட ஆரம்பித்தால் நீயே அழுத்து. யாரையும் கேட்க வேண்டாம்."

பதினோராம் நாள், பள்ளிக்கூடத்தில் சித்திர வகுப்பில், அவள் அழுத்தினாள். நிமிஷத்துக்கு 214. ஆறு நிமிஷம் ஓடிச் சட்டென்று நின்றிருந்தது. ஸ்விட்ச் போட்ட மாதிரி. ஸ்விட்சை அணைத்த மாதிரி.

அந்தத் தாளை டாக்டர் முதலில் அவளிடந்தான் காட்டினார். "நீ சொன்னது இதுதான்" என்றார். அவள் அதை வெகு நேரம் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கோடுகள் என்ன புரிந்திருக்கும்? ஆனால் முகம் மலர்ந்தது. அதே டாக்டர் இன்னொரு பையனைப் பற்றியும் சொன்னார்: ஒன்பது தடவை பொத்தானை அழுத்தினானாம், ஒன்பது தடவையும் சாதாரணத் துடிப்பு. "அவனும் பொய் சொல்லவில்லை. அவன் உணர்ந்தது உண்மை. அதில் அபாயம் இல்லை என்பதும் உண்மை. அந்தத் தாளைக் காட்டியதுதான் அவனுக்கு நான் கொடுத்த மருந்து" என்றார்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு வாய் மூடி முக்கினால் சில சமயம் சுற்று அறுந்துவிடும் என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அடுத்த கோடை விடுமுறையில், தொடை ரத்த நாளத்தின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்தக் குறுக்கு வழியைச் சூட்டினால் அடைத்துவிட்டார்கள். 1990-களின் தொடக்கத்திலிருந்து பரவிய சிகிச்சை அது. பெரும்பாலோருக்குப் பூரண குணம் தருகிறது, அவளுக்கும் தந்தது.

சிகிச்சைக்கு முன்பு டாக்டர் வழக்கமான கேள்வி ஒன்று கேட்டார்: "முதன் முதலில் இது வந்தது எப்போது?" அக்காவும் அத்தானும் விழித்தார்கள். எனக்குப் பளிச்சென்று என் குறிப்பு நோட்டு நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்ப் புரட்டினேன். வாக்கியம் இருந்தது, மேற்கோள் குறிகளோடு அழகாக இருந்தது. தேதி இல்லை, மணி இல்லை. அந்தக் குழந்தை அன்று என்ன செய்து கொண்டிருந்தாள் என்பதும் இல்லை.